மயக்கம் இன்பமாமோ?

(சாய்ந்தமருது, சைவாசிரியர் ஒருவர் எழுதியது)

மாணாக்கர் வினாவும் வினாக்களுள் விடையிறுத்தற்கு எளியனவும் உள, அரியனவும் உள. ஞாயிறு மேற்கே மறைவது ஏன் என்பானுக்கு விடை கூறுதல் எளிது. போதைப்பொருளை உட்கொண்டவன் இன்பம் நுகர்கின்றான் என்பது உண்மையாயின், அவ்வின்பத்தை அவன் நுகர்தல் எவ்வாறு தீதாகும் என்று ஒருவன் வினாவுவானாயின், அவனுக்கு நேர்விடை கூற வல்லார் நம்முட் சிலரேயாவர். அரசாங்கம் தண்டிக்கும் என்கின்றோம். உடல் கெடும் என்கின்றோம். பெற்றோர் தலைகுனிவர் என்கின்றோம். இவை யாவும் மெய்யே. 1929 ஆம் ஆண்டு பிறந்த நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 2022 ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டு, ‘ஐஸ்’ என்று இளைஞர் வழங்கும் மெதம்பெற்றமைனும் அதனுள் அடக்கப்பட்டது. 5 கிராமும் அதற்கு மேலும் வைத்திருப்பார்க்கு மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்கப்படலாம். ஆயினும், தண்டனை உண்டென்று காட்டுதல் ஒன்று, தீமை உண்டென்று காட்டுதல் பிறிதொன்று. பிடிபடாதவனுக்குச் சட்டத்தால் வருந் துன்பமில்லை. இளமையில் உடல் கெடுதல் கண்ணுக்குத் தோன்றுவதுமில்லை. அவ்விருவகை விடையையும் கேட்டு வாய்மூடியிருக்கும் மாணாக்கன் உள்ளத்தில் வினா அவ்வாறே கிடக்கின்றது.

அண்மையிற் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் அவ்வினாவை இன்னுஞ் சிறிது கூர்மையாக்கி எம்மிடம் வினாவினான். அவன் கைத்தொலைபேசியிற் கேட்கும் ஆங்கில றொக் பாடகர் எல்லாரும் போதையுண்டே அத்தகைய பாட்டுக்களைப் பாடினர் என்றும், உண்ணாதிருந்தால் அவை பிறந்திரா என்றும், ஆகவே கலைக்கும் மெய்யறிவுக்கும் அதுவும் ஒரு வழியன்றோ என்றும் அவன் கூற்று. அவனை அதட்டி அமர்த்துதல் எளிதாயிருந்தது. ஆயினும், அவ்வழியிலே சென்று, அதன் எல்லையைக் கண்டு, திரும்பிவந்த ஒருவரின் வரலாற்றைக் கொண்டு அவ்வினாவை ஆராய்தலே நேர்மை எனத் தோன்றிற்று. அவர் பீற்றில்ஸ் என்னும் பாடற்குழுவினருள் ஒருவராகிய ஜோர்ஜ் ஹரிசன். அவர் திரும்புதற்குத் துணை நின்றவர் நம் பாரத நாட்டுச் சித்தார் வல்லுநராகிய இரவிசங்கர்.

ஹரிசன் 1943 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லிவர்பூல் நகரிலே பஸ் வண்டித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். இருபத்தோராம் வயதிற்குள் உலகமெங்கும் அறியப்பட்டார். பொருள், புகழ், இளமை என்னும் மூன்றும் ஒருங்கு வாய்த்தும் உள்ளம் நிறைவுறாமையை அவ்வயதிலேயே அவர் உணர்ந்தார். அக்காலத்தேதான் எல்.எஸ்.டி. என்னும் மருந்து அவரிடம் வந்தது. அதுவும் அவர் அறியாமலே வந்தது. 1965 ஆம் ஆண்டு இலண்டனிற் பல் வைத்தியர் ஒருவர் விருந்துக்கழைத்து, கோப்பியில் அதனைக் கலந்து, சொல்லாமலே கொடுத்துவிட்டார்.

அம்மருந்து 1938 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் அல்பேட் ஹொஃப்மன் என்னும் இரசாயன அறிஞரால், தானியக் கதிர்களைப் பற்றும் எர்கொட் என்னும் பூஞ்சணத்தின் சத்தினின்றும் ஆக்கப்பட்டது. சித்தத்தைத் திரிக்கும் அதன் ஆற்றல் 1943 இல் அவர் தம்முடலிலேயே தற்செயலாக வெளிப்பட்டது. ஒரு கிராமிற் பதினாயிரத்தில் ஒரு பங்கு ஒருவனைப் பல மணி நேரம் மயக்கப் போதுமானது. காணாதவற்றைக் கண்டதாகவும், தான் என்னும் எல்லை கரைந்ததாகவும், எல்லாம் ஒன்றாயினதாகவும் உண்டவர்க்குத் தோன்றும். ஹாவார்டுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்து 1963 இல் அங்கிருந்து நீக்கப்பட்ட திமோதி லியறி என்பார் அதனை ஒரு சமயச் சாதனமாகவே பரப்பினார். (அக்கூட்டத்தார்க்கும் தலைவர் ஓர் ஆசிரியரே என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.) கலிபோர்னிய அரசு 1966 ஒக்டோபரில் அதனைச் சட்டத்தால் விலக்கிற்று, விலக்கியபின் அதனை விழைந்தோர் தொகை குறையவில்லை.

அம்மருந்தினால் தமக்கு ஒரு கதவு திறந்தாற் போன்றிருந்தது என்பதை ஹரிசன் பிற்காலத்தும் மறைத்தாரல்லர். இவ்விடத்தே யாம் சிறிது நின்று ஒன்று கூறல் வேண்டும். போதைப்பொருள் ஒன்றுமே தாராது என்று மாணாக்கருக்குக் கூறும் ஆசிரியர் பொய் கூறுகின்றார். ஒன்றும் தாராதாயின் யார்தான் அதனை நாடுவர்? அது தருகின்றது, தருவதனாலேயே அஞ்சத்தக்கதாகின்றது. நம் சொற் பொய்யென்பதை ஒருமுறை கண்டுகொண்ட மாணவன் நாம் கூறும் ஏனைய மெய்களையும் அதனோடு சேர்த்தே தள்ளிவிடுவான்.

இனி, இரவிசங்கரின் வரலாற்றைச் சிறிது கூறுதும். அவர் 1920 ஆம் ஆண்டு காசியிலே பிறந்தவர். பத்து வயதிற் பரீசு நகரம் சென்று, தமையனார் உதயசங்கரின் நடனக்குழுவிற் சேர்ந்து, மேனாட்டுப் பெருநகரங்களிலே பட்டாடையும் விருந்துமாக வளர்ந்தவர். பதினெட்டாம் வயதில், 1938 ஆம் ஆண்டு, அவ்வாழ்வனைத்தையும் விட்டு, தலையை மழித்துக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு மைகார் என்னுஞ் சிற்றூருக்குச் சென்றார். ஆங்கிருந்த அலாவுதீன்கான் என்னும் பேராசானிடம் ஏறக்குறைய ஏழாண்டு மாணாக்கராயிருந்தார். அவ்வாசான் முஸ்லிம், ஆயினும் அவ்வூர் மலைமேலுள்ள சாரதாதேவி கோயிலில் அன்பு பூண்டவர். முஸ்லிம் மக்களும் சைவ மக்களும் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து வாழும் எம்மூர்ப்பக்கத்தார்க்கு இது வியப்பன்று, மகிழ்ச்சியே தரும். அவ்வேழாண்டும் தேளும் பூச்சியும் ஊரும் சிறு குடிலிலே கிடந்து, நாள்தோறும் பல மணி நேரம் ஒரே சுரவரிசையை மீண்டும் மீண்டும் பயின்று பெற்றதே அவருடைய வித்தை.

ஹரிசன் 1965 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஒரு பாட்டிற் சித்தாரை மீட்டியிருந்தார். அது வெறும் புதுமை வேட்கை. மறுவருடம் யூன் மாதத்தில் இலண்டனிலே இரவிசங்கரைக் கண்டு, பயிற்றுமாறு வேண்டினார். அவருக்கு நிகழ்ந்த முதற் பாடங்களுள் ஒன்று வருமாறு: பயின்றுகொண்டிருக்கையில் தொலைபேசி மணி ஒலித்தது, ஹரிசன் எழுந்து, தரையிற் கிடத்திய சித்தாரைத் தாண்டிச் செல்லக் காலெடுத்தார், இரவிசங்கர் அக்காலில் ஓர் அடி கொடுத்து, இசைக்கருவிக்கு இன்னும் மரியாதை வேண்டும் என்றார். புத்தகத்திற் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இதன் கருத்தை விரித்துரைத்தல் வேண்டா. உலகமெல்லாம் தாங்கிக்கொண்ட ஒரு புகழாளரின் காலில் அடித்தற்கு ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதே இவ்வரலாற்றின் முதற் பேறு. அவ்வாண்டு செப்ரெம்பரில் ஹரிசன் பாரத நாட்டுக்கு வந்து ஏறக்குறைய ஆறு கிழமை தங்கிக் கற்றார்.

பின்னர் 1967 ஆம் ஆண்டு யூன் 16 முதல் 18 வரை கலிபோர்னியாவில் மொன்ரறே என்னுமிடத்தே ஓர் இசைவிழா நடந்தது. இரவிசங்கர் இறுதி நாட் பிற்பகலிலே தனியே மூன்று மணி நேரத்துக்கு மேல் வாசித்தார்; மக்கள் எழுந்து நின்று ஆர்த்தனர். அவ்விழாவிலேயே ஒரு குழுவினர் தம் கிற்றாரை மேடையில் அடித்து நொறுக்கினர். ஜிமி ஹென்ரிக்ஸ் என்பார் தமது கிற்றாருக்குத் தீயிட்டார். வாணி விழாவிலே வீணையையும் மிருதங்கத்தையும் சந்தனம் பூசிப் பீடத்தில் வைத்து வணங்கும் வழக்கிற் பிறந்தவர் அதனைக் கண்டு எவ்வளவு நொந்திருப்பார்! அவர் நொந்ததைத் தாமே எழுதியுமுள்ளார். அவரை அதனினும் வருத்தியது வேறொன்று. தமது இசையைக் கேட்க வந்த இளைஞர் பலர் போதையுண்டே வந்தனர். பாரத நாட்டிசையும் யோகமும் எல்.எஸ்.டி.யும் ஒரே பொட்டலத்திற் கட்டிய சரக்கென்று கருதினர். அவர் கச்சேரியை நிறுத்தி, தெளிந்த மனத்தோடு இருந்து கேளுங்கள், இசையே உங்களை உயர்த்தும், வேறொன்றும் வேண்டா என்று பல மேடைகளிற் கூறினார். கூறியதனால் இழந்த கூட்டம் போகட்டும் என்றிருந்தார். ஒரு வித்தையாளன் தன்னைப் புகழுங் கூட்டத்தை நோக்கியே கடிந்துரைத்தல் எளிய செயலன்று.

இனி ஹரிசன் கண்டதைக் காண்போம்.

1967 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7 ஆந் திகதி, அவர் மனைவியோடும் நண்பர் சிலரோடும் சன் பிரான்சிஸ்கோ நகரில் ஹெயிற் ஆஷ்பரி என்னுந் தெருப்பகுதிக்குச் சென்றார். போதையால் உள்ளந் திறந்த இளைஞர் உலகப்பற்றை நீத்து அன்பொன்றினால் வாழும் இடம் என்று அதனைப் பத்திரிகைகள் புகழ்ந்த காலம் அது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டை விட்டோடி ஆங்குக் குழுமியிருந்தனர். ஹரிசனும் அவ்வாறே எண்ணியிருந்தார்; கைவினை செய்து, சிறு கடை வைத்து, தம் உழைப்பில் வாழும் கலைஞர் ஊர் ஒன்றைக் காண்போம் என்பது அவர் எதிர்பார்ப்பு. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரேதான், கஞ்சாச் சட்டத்தைத் தளர்த்தல் வேண்டும் என்று இலண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகையில் வெளிவந்த விளம்பரத்திலே தம் குழுவினரோடு ஒப்பமிட்டிருந்தார். அன்று ஆங்குச் செல்கையில் அவரும் உடன் சென்றோரும் எல்.எஸ்.டி. உண்டிருந்தனர் என்று அவர் மனைவியார் பிற்காலத்தெழுதிய தம் வரலாற்றிற் கூறுகின்றார்.

ஆகவே, வெறுப்போடு சென்றவர் கண்ட காட்சியன்று அது. விரும்பிச் சென்றவரே கண்டார். கண்டது யாதெனின், உணவின்றி உறக்கமின்றித் தெருவோரத்திலே கிடக்கும் பிள்ளைகள்; இரந்துண்போர்; தாம் எங்கிருக்கின்றோம் என்பதறியாதார். அவரைக் கண்டதும் கூட்டம் பின்தொடர்ந்தது; ஒருவன் கிற்றாரைக் கையிற் கொடுத்தான்; சிறிது மீட்டிக் காட்டினார். மற்றொருவன் போதைப்பொருளை நீட்டினான். அவர் வேண்டாமென்றார். அவ்வளவிலே, இதுகாறும் அன்பு அன்பென்று ஆர்த்த கூட்டத்தின் முகம் மாறிற்று, சினந்து நெருக்கிற்று, அவர் விரைந்து வண்டியேறித் தப்பினார். குடிகாரர் கிடக்கும் தெருவுக்கும் அதற்கும் வேறுபாடில்லை, அது ஆன்ம விழிப்பன்று, மற்றுமோர் அடிமைத்தனமே என்னுங் கருத்துப்பட அவர் பின்னர்ப் பன்முறை உரைத்தார்.

வேண்டாம் என்ற ஒரு சொல்லைப் பொறாத அன்பு எத்தகைய அன்பு! ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் என்று நம் சாத்திரம் கூறுவதை நாம் கரும்பலகையில் எழுதி விளக்குகின்றோம். அவ்விலக்கணத்திற்கு எடுத்துக்காட்டு வேண்டுவார்க்கு அத்தெரு போதும்.

அம்மாதம் 24 ஆந் திகதி பீற்றில்ஸ் குழுவினர் மகரிஷி மகேஷ் யோகியின் சொற்பொழிவை இலண்டனிற் கேட்டனர். மறுநாள் அவரோடு வேல்ஸ் நாட்டுப் பாங்கர் நகருக்குச் சென்றனர். 26 ஆந் திகதி, போதைப்பொருளை விட்டொழித்தோம் என்று பத்திரிகையாளர் முன் கூறினர். அடுத்த நாளே, அவர்களை உலகுக்கு அறிமுகஞ் செய்த முகாமையாளர் பிரையன் எப்ஸ்ரைன் உறக்க மாத்திரையை அளவிறந்து உண்டு இலண்டனில் இறந்து கிடந்த செய்தி அவர்களுக்கு எட்டிற்று. மூன்றாண்டு கழிந்த சிறிது காலத்துள் ஹென்ரிக்ஸும், ஜானிஸ் ஜொப்லின் என்னும் பாடகியும் ஒரே இலையுதிர் காலத்தில் அவ்வாறே மாண்டனர். இருவர்க்கும் வயது 27. இவ்விறப்புக்களைக் காட்டி அச்சுறுத்துதல் நம் கருத்தன்று. அச்சத்தினால் விடுபவன் அச்சம் நீங்கினால் மீண்டும் தொடுவான். ஹரிசன் விட்டது சாவுக்கு அஞ்சியன்று. தாம் தேடியது அங்கில்லை என்று கண்டதனால் விட்டார்.

தேடியது யாது? அங்குக் கிடைத்தது யாது? இவ்விடத்தே நம் சித்தாந்தம் பெருந்துணை செய்கின்றது. கேவலம், சகலம், சுத்தம் என ஆன்மாவுக்கு மூன்று அவத்தை கூறுவர். கேவலத்திலே ஆன்மா ஆணவ இருளில் அழுந்தி, அறிவு இச்சை செயல் என்பன விளங்காது கிடக்கும். சுத்தத்திலே மலம் நீங்கி, அருளோடு கூடி நிற்கும். புறத்தே நின்று காண்பானுக்கு இரண்டும் ஒருபடித்தாகவே தோன்றும்: இரண்டிலும் ஆரவாரமில்லை, இரண்டிலும் ‘நான்’ என்னுங் குரல் எழவில்லை. ஆயின் ஒன்று விளக்கு அவிந்த வீடு. மற்றது விடிந்தபின் விளக்கு வேண்டாத வீடு. மருந்தினால் ‘நான்’ கரைந்தது என்பவன் ஆணவத்தைக் கடந்தானல்லன். அதனுள்ளே இன்னும் ஆழ்ந்தான். மருந்து இறங்கியதும் ‘நான்’ முன்னையினும் பசித்து எழுகின்றது. எழுந்து மீண்டும் மருந்தையே கேட்கின்றது. இன்பம் மெய்யோ பொய்யோ என்பதன்று வினா. அவ்வின்பம் நுகர்ந்தவனை எவ்வாறு ஆக்கிவிட்டுச் செல்கின்றது என்பதே வினா. ஏழாண்டு சித்தார் பயின்றவன் தந்தியைக் கீழே வைத்தபின்னும் அவ்வித்தை அவனுள் இருக்கின்றது. மருந்தை உண்டவனிடம் மருந்து தீர்ந்தபின் இருப்பது மருந்தின் மேற்கொண்ட வேட்கையொன்றே.

இவ்விடத்தில் மாணாக்கர் ஓர் ஆட்சேபம் நிகழ்த்துவர், நிகழ்த்தியும் உள்ளனர். சிவபிரானே கஞ்சா புகைப்பவர் அல்லரோ என்பது அது. சிவபிரான் புகைக்குழல் பிடித்திருப்பதாக அச்சிட்ட சட்டைகளைச் சந்தைகளில் விற்கின்றார்கள். வாங்கி அணிபவரும் நம் பிள்ளைகளே. வடநாட்டிற் காசி முதலிய இடங்களிலே சிவராத்திரி நாளிற் கஞ்சாவிலை கலந்த பானம் அருந்தும் வழக்கு உண்டென்பதும், புகைக்குஞ் சாதுக்கள் உளரென்பதும் மெய்யே, மறுத்தல் வேண்டா. வழக்கு உள்ளது என்பதனால் அது நெறியாகாது. நம் திருமுறை ஆசிரியர் பெருமானைப் பித்தன் என்றனர். அது அன்பின் மிகுதியால் அடியவர் இட்ட பெயர். நஞ்சுண்டான் என்றனர், அந்நஞ்சை அவன் உண்டது பிறர் உண்ணாது உய்தற்பொருட்டு. தான் இன்புறுதற்கு உண்பவன், உலகம் பிழைத்தற்கு உண்டவனைச் சான்று காட்டுதல் எவ்வாறு பொருந்தும்? கண்டத்திலே நிறுத்திய நஞ்சைக் கண்ட பின்னும் அதனைத் தலைக்கேற்றிக்கொள்வோம் என்பாரை என்னென்பது!

எம்மூரிற் பெரும்பாலார் முஸ்லிம்கள். அவர்தம் மார்க்கத்திலே மது ஒரே நாளில் விலக்கப்படவில்லை என்றும், போதையோடிருக்குங்கால் தொழுகையை அணுகற்க என்னுங் கட்டளையே முழுவிலக்குக்கு முன்னர் வந்ததென்றும், தான் ஓதுவது இன்னதென்பதை அறியாதவன் தொழுதவனாகான் என்பதே அதன் காரணமென்றும் அயற்பாடசாலை ஆசிரிய நண்பர் ஒருவர் எமக்கு விளக்கினார். சிந்தித்தால் இது நாம் மேலே கூறியதே. ஹரிசன் பற்றிக்கொண்டது கண்ணபிரான் நாமத்தை; அதுபற்றி நமக்கு வழக்கில்லை. மும்மார்க்கத்தாரும் ஒரு பொருளில் உடன்படுகின்றனர்: வணங்குபவன் விழித்திருத்தல் வேண்டும்.

இனி, இவ்வரலாற்றில் மறைக்கத்தகாத ஒரு பகுதி உண்டு. 1969 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பொலிசார் ஹரிசன் வீட்டைச் சோதித்துக் கஞ்சாவை எடுத்தனர். அவருக்கும் மனைவிக்கும் தலைக்கு 250 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. 1974 ஆம் ஆண்டளவிலே குடியும் கொக்கெயினும் அவரைப் பற்றியிருந்தன என்று அவர் வரலாறெழுதினோர் கூறுவர். அவ்வாண்டு அமெரிக்காவிற் பாடச்சென்றபோது குரலும் கெட்டிருந்தது. அவ்வாறாயின், 1967 இல் அவர் விட்டதெல்லாம் வெறும் பேச்சுத்தானோ?

அன்று. பழக்கம் வேறு, கொள்கை வேறு. போதையே மெய்யறிவுக்கு வழி என்னுங் கொள்கையை அவர் அத்தெருவில் விட்டார். இறக்கும்வரை அதனை மீண்டும் எடுத்திலர். பழக்கமோ உடம்பிலும் கூட்டத்திலும் வேரூன்றியது. பன்முறை வெட்டினாலன்றிப் போகாது. குழியில் விழுபவன் ஒருவன்; குழியைக் கோயிலென்று பிறரை அழைப்பவன் மற்றொருவன். முன்னையவன் கைகொடுத்தால் ஏறுவான். இவ்வேறுபாட்டை நம் பாடசாலைகள் உணர்வதில்லை. பையில் ஏதோ அகப்பட்டதென்று விடுகைப் பத்திரத்தைக் கையிற் கொடுத்து ஒரு பிள்ளையை வெளியேற்றிய செய்தியை அறிவோம். அவன் மும்முறை விட்டு மும்முறை தொட்டவன். மும்முறை விட்டான் என்பதை ஒருவரும் எண்ணவில்லை. வெளியேற்றப்பட்டவனை ஏற்றுக்கொள்ளக் காத்திருந்த கூட்டம் எது என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை.

யாம் சிறுவயதிற் பயின்ற மிஷன் பாடசாலையிலே, மதுவைத் தொடேன் என்று பிள்ளைகளை நிறுத்தி உறுதிமொழி கூறுவிப்பர். நற்கருத்தோடு செய்தனர், குறை கூறோம். உறுதிமொழி ஒன்றைக் கையினின்றும் பறிக்கின்றது. அக்கையில் வேறொன்றை வைப்பதில்லை. வெறுங்கை நெடுநாள் வெறிதாயிராது. ஹரிசனுடைய கையிற் சித்தார் இருந்தது.

அந்தச் சித்தாரையும் அவர் பின்னர் விட்டார் என்பதே இவ்வரலாற்றில் எமக்கு மிக இனிய பகுதி. 1968 ஆம் ஆண்டிலே, தம்முடைய வேர் எதுவென்று இரவிசங்கர் வினாவியதை உள்ளத்திற் கொண்டு, சிறுவயது முதற் பயின்றாரோடு தாம் ஒருகாலும் ஒப்பாகார் என்று கண்டு, கிற்றாருக்கே மீண்டார். ஓரிரு பாட்டிற் சித்தாரை மீட்டி, அறியாத மக்களிடம் வல்லுநரென்று பெயர் பெறுதல் அவருக்கு மிக எளிதாயிருந்தது. அவ்வாறு செய்திலர். மருந்தை விட்டதற்கும் சித்தாரை விட்டதற்கும் அளவுகோல் ஒன்றே. நெடுவழியிற் செல்லாது வழிமுடிவிற் கிடைப்பதை உரிமை கொண்டாடலாகாது என்பதை அவர் ஆசிரியரின் பயிற்சியினின்றும் கண்டார். கண்டபின், சித்தார் வல்லாரை வணங்குதலே தமக்குரியது என்றமைந்தார். 1971 ஓகஸ்ட் முதலாந் திகதி நியூயோர்க்கிலே வங்காள அகதிகளுக்காக இருவரும் நடத்திய இசைநிகழ்ச்சியில், முதலில் அமர்ந்து வாசித்தவர் இரவிசங்கர். ஹரிசன் அவரை அறிமுகஞ் செய்து, மேடையை விட்டு நீங்கினார். ஆங்கும் இரவிசங்கர், வாசிக்குமுன், புகைபிடியாதிருக்குமாறு அவையை வேண்டிக்கொண்டார்.

சட்டம் விலக்காத புகையே இறுதியில் ஹரிசனுக்குப் பகையாயிற்று. 1997 இல் தொண்டையிற் புற்றுநோய் கண்டபோது, தாம் புகைபிடித்ததன் பயனே அது என்று தாமே கூறினார்; 2001 நவெம்பர் 29 ஆந் திகதி புற்றுநோயாலேயே இறந்தார். முதல் நாள் இரவிசங்கர் அருகிருந்தார். வெற்றிலையோடு புகையிலையை அதக்கிக்கொண்டு போதைவிலக்குப் பற்றி உரையாற்றும் பெரியார் நம்மிடையும் உளர். பிள்ளைகள் அவர்தம் சொல்லைக் கேட்பதினும் அவர்தம் கன்னத்தையே பார்க்கின்றனர்.

எமக்குத் தெற்கே அடுத்தவூராகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழ்களின் நரம்பையும் சுருதியையும் பதினான்காண்டு கணக்கிட்டு ஆராய்ந்து, 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூலை அரங்கேற்றினார்கள். ஒன்றரை மாதத்தில் உடல் நீத்தார்கள். இசை எத்துணை நெடிய வழி என்பதற்குப் பிறநாட்டார் சான்று நமக்கு வேண்டுவதேயில்லை. அவ்வடிகள் நடந்த கடற்கரையிலே, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் சங்கீத பாடவேளையைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் எடுத்துக்கொள்கின்றோம். மிருதங்கம் அலுமாரியுள்ளே தோல் சுருங்கிக் கிடக்கின்றது. பிள்ளைகளுக்கு நெடுவழி ஒன்றைக் காட்டக்கூடிய பாடவேளை கிழமைக்கு இரண்டோ மூன்றோ. அவற்றையும் நாமே அடைத்துவிட்டு, அவர்கள் குறுக்குவழி நாடுகின்றார்கள் என்று கூட்டங் கூடிப் பேசுகின்றோம். மூன்றாந் தவணையிற் பாடவேளை கேட்டு வரும் கணித ஆசிரியர் எம் நண்பர், நல்லவர். இம்முறை அவர் வந்தாற் கொடுப்பதாக இல்லை.